வானத்தில் புரியாத வெளிச்சம் தெரிந்தால் தவிர்க்க வேண்டியவை

முதல் தவறு, பார்த்த உடனே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவது. பறக்கும் தட்டு, டிரோன், ஏவுகணை என்று ஏதோ ஒன்று. பெயர் வைத்த பிறகு கண்ணும் அதற்கேற்றபடிதான் பார்க்கும்.

ராணுவமே இதில் மாட்டியிருக்கிறது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் பாங்கோங் ஏரிப் பக்கம் இந்திய வீரர்கள் மாதக்கணக்கில் வெளிச்சங்களைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். சீன டிரோன்கள் என்று சந்தேகம். கடைசியில் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் உதவியைக் கேட்டார்கள். விஞ்ஞானிகள் முதலில் பார்க்க நினைத்தது ஒன்றைத்தான்: அந்த வெளிச்சம் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா, தனியாக நகர்கிறதா? சேர்ந்துதான் நகர்ந்தது. வந்தவர்கள் வெள்ளி, வியாழன் என்ற இரண்டு கோள்கள்!

இதை மொட்டை மாடியிலேயே செய்யலாம். ஒரே இடத்தில் நின்று, தண்ணீர்த் தொட்டி விளிம்பையோ தென்னை உச்சியையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அது வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். கோள் அவ்வளவு தூரம் நகர ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். அடையாளம் இல்லாமல் இருட்டில் ஒற்றைப் புள்ளியையே முறைத்துக்கொண்டிருந்தால், அசையாத புள்ளியும் அசைவதாகத் தோன்றும். அது கண்ணின் இயல்பு.

அடுத்தது, உயரத்தையும் அளவையும் அடித்துச் சொல்வது. "ரெண்டு கிலோமீட்டர் மேலே, பஸ் சைஸ் இருக்கும்" என்பார்கள். இரவில், பொருள் என்னவென்றே தெரியாதபோது, இரண்டையும் வெறும் கண்ணால் கணிக்க வழியே இல்லை. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிர வானில் தீக்கோடுகள் போனபோது பலரும் எரிகல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் கிடந்தது. சீன ராக்கெட்டின் மிச்சம் என்று கருதப்படுகிறது. அன்று உதவியிருக்கக்கூடியது உயரக் கணக்கு அல்ல, எத்தனை நொடி தெரிந்தது என்பதுதான். எரிகல் சில நொடிகளில் முடிந்துவிடும். ராக்கெட் குப்பை துண்டு துண்டாக உடைந்து, நிதானமாக வானத்தைக் கடக்கும்.

அதனால் நேரத்தைக் குறிக்காமல் விடுவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. மணி, திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது, மினுக்கியதா இல்லையா, இவை இருந்தால், எந்தச் செயற்கைக்கோள் எப்போது எங்கே தெரியும் என்று காட்டும் ஹெவன்ஸ்-அபவ் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் மினுக்காமல் சில நிமிடங்களில் கடந்துவிடும். ஏவிய சில நாட்களுக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வரிசையாக ரயில் மாதிரி போகும். பாதி வானத்தில் சட்டென்று மறைந்தாலும் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போயிருக்கும்.

அப்புறம் செல்போன். முழு ஜூமில் எடுத்தால் ஃபோகஸ் பிடிபடாமல் சாதாரண நட்சத்திரம்கூட துடிக்கும் வட்டத் தட்டாக மாறும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'தட்டு' வீடியோக்களில் இந்த வகை நிறைய. ஜூம் செய்யாமல், போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து, கட்டடமும் தெரியும்படி எடுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வேண்டவே வேண்டாம், வீட்டு டியூப்லைட்டே வானத்தில் மிதக்கும்.

லேசர் அடித்துப் பார்ப்பது விளையாட்டல்ல. அது விமானமாக இருந்தால் விமானியின் கண் கூசும், வழக்கும் வரும்.

பக்கத்தில் நின்றவரிடம் "முக்கோணமா இருந்துச்சுல்ல?" என்று கேட்டால் அவரும் முக்கோணம் என்பார். "என்ன தெரிஞ்சுது?" என்று மட்டும் கேளுங்கள், இருவரும் தனித்தனியாக எழுதிவையுங்கள். வானியல் ஆர்வலர் யாரிடமாவது கேட்பதானால் வீடியோவோடு அந்தக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள்.