துணி டயப்பர் கசிவு நின்றது

குழந்தைக்குத் துணி டயப்பர் கட்டி அரை மணி ஆவதற்குள் தொடை ஓரமாக ஒழுகிவிடும். அளவு பெரிதோ என்று பட்டனை இறுக்கிப் போட்டேன். தொடையில் சிவந்த தடம் விழுந்ததுதான் மிச்சம். உள்ளே வைக்கும், ஈரம் உறிஞ்சும் துணிப் பட்டையை இரண்டாக வைத்தேன். டயப்பர் உப்பி, ஓர இடைவெளி இன்னும் கூடியது. வெளியே போடும் நீர்புகாக் கவரை மாற்றியும் அதே கதைதான்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. சட்டை நனைந்திருக்கிறது, உள்பட்டையின் நடுப்பகுதியோ காய்ந்தே கிடக்கிறது! அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஊறவில்லை, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக உருண்டது.

பட்டை, வெளுக்காத பருத்தி. அதில் இயற்கையாகவே எண்ணெயும் மெழுகும் இருக்கும். அவை போகும்வரை சரியாக உறிஞ்சாது. பட்டைகளை மட்டும் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் துவைத்துக் காயவைத்து, மறுபடியும் துவைத்தேன். சொட்டு விட்டவுடன் ஊறும்வரை இதேதான். கவரைக் கொதிநீரில் போடாதீர்கள், நீர்புகாப் பூச்சு கெட்டுவிடும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அது இழைமேல் படிந்து மறுபடியும் உறிஞ்சவிடாது.

இப்போது ஒரே பட்டை போதும், கசிவில்லை. பெரிய நிம்மதி. பருத்திப் பட்டை எடுப்பவர்கள் பிரசவத்துக்கு முன்பே துவைக்கத் தொடங்கிவிடுங்கள்.