டர்பனில் பெயின்ட் அடிக்கும் முன்: ஜன்னல் எந்தப் பக்கம்?

நம் ஊரில் தெற்குப் பக்க அறை என்றால் வெயில் அறை. அதே நினைப்பில்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் வருடம், ஓவர்போர்ட் பகுதியில் எடுத்த வாடகை வீட்டின் தெற்கு அறைக்கு, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டுமே என்று வெளிர் நீலம் அடித்தேன். ஜூலை வந்ததும், இங்கே அது குளிர்காலம், குளிர்ச்சி கண்ணோடு நிற்கவில்லை. அறை ஐஸ்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கே லைட் போட வேண்டியிருந்தது.

டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிட்டத்தட்ட 30 டிகிரியில், மகர ரேகையையும் தாண்டி இருக்கிறது. அதனால் வருடம் முழுக்க நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான். ஜோகன்னஸ்பர்க்கிலும் அப்படியே. கிழக்கு, மேற்கில் மாற்றமில்லை. வடக்கும் தெற்கும் வேலையை மாற்றிக்கொண்டன. ஆகவே ஷேட் கார்டை விரிக்கும் முன் போனில் திசைகாட்டியைப் பாருங்கள்.

வடக்கு ஜன்னல் உள்ள அறை நீலம், சாம்பல், பச்சை எதையும் தாங்கும். தெற்கு அறைக்குப் பெரும்பாலும் வானத்து வெளிச்சம் மட்டும்தான். அது நீலம் கலந்தது. அங்கே சுத்த வெள்ளைகூட அழுக்குச் சாம்பலாகத் தெரியும். சந்தனம், க்ரீம், இளம் பீச் என்று போங்கள். மேற்கு அறைக்கு மட்டும் அடர்ந்த மஞ்சள் வேண்டாம், சாயங்கால வெயிலில் கண் கூசும்.

கார்டில் பார்த்த நிறம் சுவரில் பெரும்பாலும் ஒரு படி தூக்கலாகத்தான் தெரியும், நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றதில் பிரதிபலிப்பதால். சின்ன டப்பா வாங்கி, ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய விட்டு, சுவர் சுவராக மாற்றி வைத்துப் பாருங்கள். ராத்திரியிலும் பாருங்கள். ஊரில் டியூப்லைட் வெள்ளைக்குப் பழகிய கண் நமக்கு. இங்கே வீட்டில் ஏற்கெனவே மஞ்சள் பல்பு மாட்டியிருந்தால், அதன் கீழே இளம்பச்சை வேறு நிறமாகிவிடும்.

நிறத்தைவிடப் பெரிய தொல்லை ஈரம். கடற்கரை ஊர், மழையும் கோடையில்தான். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதன் மேலேயே பெயின்ட் அடிக்காதீர்கள், திரும்பவும் வரும். கழுவி, காய விட்டு, பூஞ்சை தாங்கும் பெயின்டாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் "பிவிஏ" என்று மலிவாகக் கிடைக்கும் பெயின்ட் சீலிங்குக்குச் சரி. தாளிக்கும் இடத்துக்கும் சாமி விளக்கு மூலைக்கும் துடைத்தாலும் பெயின்ட் போகாத வகைதான் வேண்டும். மஞ்சள் கறையையும் விளக்குப் புகையையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன!

ரொம்பப் பழைய வீடு என்றால் பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்க வேண்டாம், ஈயம் இருக்கலாம்.

வாடகை வீடா? ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிவரும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். அந்த முதல் நாளிலேயே சுவர்களைப் போட்டோ எடுத்துவிடுங்கள். அப்புறம், நிறம் கலந்து வாங்கினால் டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டையும் ஒரு போட்டோ. நான் எடுக்காமல் விட்டேன். ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்த பின் அந்த நீலம் எந்த நீலம் என்று எந்தக் கடையிலும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சுவர் முழுவதையும் திரும்ப அடித்தேன், இந்த முறை சந்தனம்.