இரண்டு யுபிஎஸ் இருந்தும் சர்வர் அணைவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரில் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு யுபிஎஸ் வாங்கி இணைத்தாயிற்று. ஆயினும் மின்சாரம் போன ஒரு பிற்பகலில் சர்வர் சட்டென்று அணைந்துவிடுகிறது. இப்படி நேரும்போது பெட்டிகளின் தரத்தைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் ஒன்று முற்றிலும் செயலிழந்தாலும் மற்றது தனியாக முழுச் சுமையையும் தாங்கவேண்டும், ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றதைத் தொடக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளில் எது தவறியது என்று பார்த்தால், பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சுமைக் கணக்கில் நேரும் பிழையே மிகுதி. சர்வர் 700 வாட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 1000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று அச்சிட்ட யுபிஎஸ் இரண்டு வாங்குபவர், பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வாட் அளவைக் கவனிப்பதில்லை. திறன் காரணி, அதாவது விஏ அளவில் வாட்டாகக் கிடைக்கும் பங்கு, 0.6 உள்ள மாதிரிகளில் 1000 விஏ என்பது 600 வாட்தான். இரண்டும் இயங்கும்போது தலைக்கு 350 வாட் பகிர்ந்துகொள்வதால் திரையில் 58 விழுக்காடு என்றுதான் காட்டும். பார்ப்பவருக்கும் நிம்மதியாக இருக்கும். ஒன்று நின்ற நொடியில் 700 வாட்டும் மற்றதன் தலையில் விழ, அது மிகைச்சுமை என்று அலறிவிட்டுத் தானும் நின்றுவிடும். ஆகவே இயல்பான நேரத்தில் எந்த யுபிஎஸ்ஸின் சுமையும் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பின்னால் சேரப்போகும் வன்தட்டுகளையும் எண்ணி 40க்குள் வைப்பது நல்லது. சில சர்வர்களில் மின்சிக்கனத்துக்காக ஒரு பவர் சப்ளையை ஏறக்குறைய ஓய்வில் வைத்து, மற்றதிலேயே சுமையை ஏற்றும் அமைப்பு உண்டு. அங்கே ஒரு யுபிஎஸ் மிகக் குறைவாகவும் மற்றது மிக அதிகமாகவும் காட்டும் என்பதால், இரண்டின் கூட்டுத்தொகையைத்தான் கணக்கில் கொள்ளவேண்டும்.

அடுத்தது, இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருந்துவிடுவது. இரண்டு யுபிஎஸ்களின் பிளக்குகளும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ, மிகை மின்னோட்டத்தில் தானாக விழும் ஒரே எம்சிபி சுவிட்சின் கீழோ இருந்தால், அந்த ஒரு சுவிட்ச் விழும்போது இரண்டும் சேர்ந்தே பேட்டரிக்கு மாறும். சிறிய அலுவலகங்களில் மட்டும் நடக்கும் அசட்டை என்று இதை நினைக்கவேண்டாம். 2017 நவம்பர் 9 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் இருளில் மூழ்கியபோது, அங்கு வந்த இரண்டு மின்தடங்களும் ஒரே சர்க்யூட் பிரேக்கரின் வழியாக வந்தன என்பதும், ஒரு தடம் சேதமுற்றதும் அந்தப் பிரேக்கர் விழுந்தது என்பதும் தெரியவந்தன. உதவிக்கு வரவேண்டிய ஜெனரேட்டர்களும் இயங்கவில்லை. பேட்டரிகளும் இப்படிப்பட்ட பொதுக் காரணம்தான். ஒரே நாளில், ஒரே தொகுதியிலிருந்து வாங்கி, ஒரே புழுக்கமான அறையில் வைத்த பேட்டரிகள் ஒன்றாகவே மூப்படைகின்றன. மூடிய வகை ஈய அமிலப் பேட்டரிகள் 25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் அந்த ஆயுள் பாதியாகும். ஒரு யுபிஎஸ்ஸின் பேட்டரியை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் மாற்றும்படி பிரித்துவைத்தால், இரண்டும் ஒருசேரக் கைவிடும் வாய்ப்பு குறையும்.

நேரத்தைக் கூட்டுவதாக எண்ணி ஒரு யுபிஎஸ்ஸின் வெளியீட்டில் இன்னொன்றைச் செருகுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டில் எது பழுதானாலும் பாதிப்பு தொடரும், மிகைச்சுமைக்கும் இடமுண்டு. அதைச் செய்யவே கூடாது.

பேக்கப் நேரத்தைப் பற்றிய தவறு இவற்றைவிட நுட்பமானது. மின்சாரம் போகும்போது இரண்டு யுபிஎஸ்களும் பாதிப் பாதிச் சுமையுடன் பேட்டரியில் ஓடத் தொடங்குகின்றன. பேட்டரி நலிந்த ஒன்று முதலில் நிற்கிறது. அந்த நேரத்தில் மற்றதன் திரையில் இன்னும் 20 நிமிடம் என்று இருந்தாலும், சுமை இரட்டிப்பானதும் அது 10 நிமிடமாகக்கூட நிற்காமல் அதற்கும் கீழே சரியும். ஏனெனில் ஈய அமிலப் பேட்டரியிலிருந்து வேகமாக மின்சாரத்தை இழுத்தால், அதிலிருந்து கிடைக்கும் மொத்த அளவே குறைந்துபோகும். சர்வரை முறையாக அணைக்கும் மென்பொருளை அமைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லினக்ஸ் உலகில் பரவலாகப் பயன்படும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் மென்பொருளில், இயங்கத் தேவையான மின்வழிகள் குறைந்தது எத்தனை என்று சொல்லும் அமைப்பு இருக்கிறது. அதை ஒன்று என வைத்தால் இரண்டாவது யுபிஎஸ்ஸும் தாழ்நிலையை, அதாவது பேட்டரி தீரப்போகும் கட்டத்தை, எட்டும்வரை சர்வர் காத்திருக்கும். இரண்டு என வைத்தால் ஏதேனும் ஒன்று தாழ்ந்ததுமே அணைக்கத் தொடங்கும். ஒன்று என வைப்பதே பொதுவாகச் சரி. ஆனால் தரவுத்தளமும் மெய்நிகர் கணினிகளும் மூடுவதற்கு 8 நிமிடம் ஆகுமென்றால், தாழ்நிலை எச்சரிக்கை, முழுச் சுமையில் ஒற்றை யுபிஎஸ் அந்த 8 நிமிடத்தையும் கடந்து தாங்கும் அளவில் வரவேண்டும். சில யுபிஎஸ்களில் இயல்பிருப்பாக வரும் இரண்டு நிமிட எச்சரிக்கை எதற்கும் உதவாது.

சர்வரை மட்டும் காத்துவிட்டு, ஒற்றைப் பவர் சப்ளை உள்ள நெட்வொர்க் சுவிட்சைச் சுவரிலேயே செருகிவைத்தால், அணைக்கும் கட்டளையே வலையமைப்பில் போய்ச் சேராது. இத்தகைய கருவிகளுக்கு இரு யுபிஎஸ்களுக்கு இடையே தானாக மாறும் சுவிட்ச் ஒன்றை வைக்கலாம். சிறிய ஜெனரேட்டர் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அதன் அதிர்வெண் நிலையாக இல்லாவிட்டால் உள்ளே வரும் மின்சாரத்தின் அழுத்தத்தை மட்டும் சீராக்கி அப்படியே கடத்தும் லைன் இன்டராக்டிவ் வகை யுபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்து, ஜெனரேட்டர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே தன் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

இவற்றில் எந்தத் தவறு நம்மிடம் இருக்கிறது என்பதை மின்தடை வரும்வரை காத்திருந்து அறியவேண்டியதில்லை. முழுக் காப்புப்பிரதி எடுத்தபின், ஆள்நடமாட்டம் குறைந்த ஒரு நேரத்தில் முதல் யுபிஎஸ்ஸின் வெளியீட்டை அணைத்து, மற்றது எவ்வளவு சுமை காட்டுகிறது என்று பாருங்கள். அதன் உள்ளீட்டையும் துண்டித்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மற்றதை அணைத்து அதையே செய்யுங்கள். சர்வர் முறையாக அணைந்த பிறகு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, அது தானாக எழுகிறதா என்றும் சோதிக்கவேண்டும். அணைந்துகொண்டிருக்கும் பாதியில் மின்சாரம் திரும்பினால், யுபிஎஸ் தன் வெளியீட்டை ஒருமுறை துண்டித்துக் கொடுத்தால்தான் சர்வர் விழித்தெழும். சர்வர் எழும்போது முதலில் இயங்கும் பயாஸ் மென்பொருளின் அமைப்பில் ‘மின்சாரம் திரும்பியதும் இயங்கு’ என்ற தெரிவு இடப்படாமல் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை இரவில் யாராவது அலுவலகத்துக்குப் போய் சர்வரின் பொத்தானை அழுத்தவேண்டியிருக்கும்.