கஞ்சிக்கோட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கு: மாத்திரை, வெயில், இடுப்பளவு, இதயம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கும் நம் ஆட்கள் வாடகை, அட்வான்ஸ், பிள்ளைகளுக்குத் தமிழ் மீடியம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

முதல் காரியம் பிரஷர், சுகர் மாத்திரை. ஊரில் தமிழ்நாட்டு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக 2021 முதல் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. வாளையாறு எல்லையைத் தாண்டினால் அது வராது. கையிருப்பு தீர்ந்ததும் "தலைசுற்றல் ஒன்றும் இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அதுதான் ஆபத்து. வந்த வாரமே பழைய மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பஞ்சாயத்தின் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்துக்கு (நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி) போங்கள். ஆதாரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓபி சீட்டு போட்டு, பிரஷர், சுகர் பார்க்கும் தொற்றாநோய் கிளினிக் என்றைக்கு என்று கேட்டால் சொல்வார்கள். இந்தப் பக்கத்து ஊழியர்கள் பலருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். ஆஷா ஊழியர் (வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்) வீட்டுக்கு வந்து 30 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிக் கேள்வி கேட்டால், வெளியூர்க்காரர் என்று ஒதுங்காமல் பதில் சொல்லுங்கள். சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் எந்த டிஸ்பென்சரி என்று கம்பெனியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வைட்டமின் டி. லேப்களில் 'ஹெல்த் செக்கப் பேக்கேஜ்' எடுத்தால் அதுவும் சேர்ந்து வரும், பலருக்குக் குறைவு என்றே வரும். பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரி தொடும் வெயில் இருக்க, இது எப்படி என்று திகைக்கிறார்கள். ஷெட்டுக்குள் வேலை, இரவு ஷிப்ட், பகலெல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டு தூக்கம். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் கண்ணாடி வழியே வராது. நம் நிறத்துக்கு வெயிலும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

இங்கேதான் ஒரு குழப்பம் நுழைகிறது. வைட்டமின் டி குறைவானவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டது உண்மை. அதனால் மாத்திரை போட்டால் இதயம் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த 'வைட்டல்' ஆய்வில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 2018-ல் வந்த முடிவு: மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதில் பெரும்பாலோருக்கு முதலிலேயே பெரிய குறைபாடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இதயத்துக்காக என்று மாத்திரை வாங்குவதற்கு அதில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் குறைவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி எடையிலிருந்து. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. ஒரு கரண்டி உப்பைச் சின்னச் சட்டியில் கரைப்பதற்கும் அண்டாவில் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்: உடம்பு பெருத்தால் அதே அளவு வைட்டமின் பரவிப்போய் ரத்தத்தில் குறைவாகத் தெரியும். வெளியே நடமாடாதவர், ஏற்கெனவே நோயாளியானவர் இவர்களுக்கும் குறையும். ஆக, ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருந்தால் இதயத்துக்கு மருந்து தேடாமல் இடுப்பை அளந்து பாருங்கள். நமக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் 30 நமக்குப் பொருந்தாது.

குறைபாட்டுக்கு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்புக்கும் தசைக்கும் அது வேண்டும், டாக்டர் எழுதினால் போடுங்கள். ஆனால் 60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். கடையில் நாமே வாங்கித் தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

காலை ஆறு மணிக்குப் பாலக்காட்டுக் கோட்டையைச் சுற்றி நடப்பவர்களைப் பார்க்கலாம். அந்த இளவெயிலில் வைட்டமின் டி ஏறக்குறைய கிடைக்காது. ஆனால் இதயத்துக்குக் கிடைப்பது அந்த நடைதான்: வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. வைட்டமினுக்கு வெயில் வேண்டுமென்றால் பத்து, பத்தரை மணிக்குக் கையும் காலும் படும்படி கொஞ்ச நேரம் போதும். மார்ச், ஏப்ரல் உச்சிவெயிலில் நிற்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் இங்கே வந்து கெட்டுப்போவது பெரும்பாலும் ஷிப்ட் முடிந்ததும் பொரோட்டாவும் பொரித்த கறியும், டீயோடு பழம்பொரியும்தான். தேங்காயெண்ணெயில் பெரும்பங்கு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைகொழுப்பு, ஆகவே அளவாக ஊற்றுங்கள். மத்தி மீன் நல்லது. வைட்டமின் டியும் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பும் சேர்ந்து கிடைக்கும். குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், பொரிக்க வேண்டாம். பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். சித்தூர்ப் பக்கம் தென்னங்கள்ளுக்குப் பேர்போனது. கள்ளு ஷாப்பில் கள்ளோடு தொட்டுக்கொள்ள வரும் கறியின் உப்பும் எண்ணெயும் வேறு கணக்கு.

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் (2004) தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டி வந்தது, மற்றவர்களுக்கு ஐந்தாறு வருடம் தள்ளி. அதனால் நாற்பதைத் தாண்டாதவருக்கு நெஞ்சை அழுத்தி, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினாலும் "கேஸ்" என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். தெரிந்த டாக்டர் கோயம்புத்தூரில் இருக்கிறார் என்று கிளம்பாதீர்கள். ஹைவேயில் போகும் அந்த ஒரு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். இரவிலும் இசிஜி எடுக்கும் மருத்துவமனை உங்கள் அறைக்குப் பக்கத்தில் எது என்று இந்த வாரமே விசாரித்து, நம்பரைப் போனில் ஏற்றி, ரூமில் கூட இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.