டெல்டா கொல்லையில் முருங்கையும் பொன்னாங்கண்ணியும்: ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில்

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் களிமண்ணில் முருங்கை பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தண்ணீர் தேங்கித்தான் சாகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேருக்குக் காற்றுப் போகாமல் அழுகிவிடும். ஆகவே முதல் வேலை மேடு.

1. கொல்லையில் வெயில் படும் இடத்தில் 2 அடி உயரம், 4 அடி அகலத்துக்கு மண்ணைக் குவியுங்கள். கொல்லை மண் 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் 1 பங்கு. பச்சைச் சாணம் ஆகாது. மக்கும் சூட்டில் இளவேர் கருகும்.

2. தை மாதம் விதையுங்கள். மழைக்காலம் வருவதற்குள் வேர் ஊன்றிவிடும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 என்ற முருங்கை ரகத்து விதை என்றால் ஆறேழு மாதத்தில் காய்க்கும். இரவு ஊறவைத்த 2 விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் வாளிப்பான கன்றை மட்டும் விடுங்கள். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர்.

3. செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். விட்டால் ஒற்றைக் கம்பாக ஓடும், கீரை கைக்கு எட்டாது. முருங்கைக் கிளை முறுக்கில்லாதது. 2018 கஜா புயல் போல ஒன்று வேண்டாம், சாதாரணக் காற்றுக்கே ஒடியும். ஒரு காய்ப்பு முடிந்ததும் 3 அடி விட்டு வெட்டினால் மறுபடி தழையும்.

4. மழை விட்டதும் அடிமரத்தைப் பாருங்கள். கம்பளிப்பூச்சி பகலில் பட்டையோடு பட்டையாக, கனமான ஈரச்சாக்கை ஒட்டியதுபோல் அப்பிக் கிடக்கும். கை வைக்காதீர்கள், சுணை ஏறித் தடித்துவிடும். நீளக் கம்பில் துணி சுற்றிய பந்தத்தைக் கொளுத்தி, பூச்சியின் மேல் சட்டென்று காட்டி எடுங்கள். பந்தம் ஒரே இடத்தில் நின்றால் பட்டை வெந்துபோகும். கூரைக்குப் பக்கத்து மரமென்றால் பந்தம் வேண்டாம், சோப்புக் கரைசலை அடியுங்கள்.

மேட்டுக்கு மண் எடுத்த பள்ளம் பொன்னாங்கண்ணிக்கு. நான்கு கணு உள்ள தண்டுகளை அரையடி இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். அரிசி களைந்த தண்ணீரே போதும். சோப்புத் தண்ணீரும் வயல் வடிகாலும் அங்கே வரக்கூடாது. ஒரு மாதம் கழித்து அறுக்கலாம். பிடுங்காமல், இரண்டு அங்குலத் தண்டு விட்டு அறுங்கள். அந்தக் கணுக்களில்தான் அடுத்த கீரை.