வலிப்பு உள்ளவர் வீட்டில் மூலிகை: எதற்குச் சரி, எதற்கு வேண்டாம்

வீட்டில் ஒருத்தருக்கு வலிப்பு என்று தெரிந்துவிட்டால் போதும், ஊரே வைத்தியம் சொல்லும். கொல்லிமலைப் பொடி, வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்தது, மூக்கில் விடுகிற பச்சிலைச் சாறு என்று ஆளுக்கொன்று. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதில் எதற்கும் போகாதீர்கள். திடீரென்று மாத்திரை நின்றால் வலிப்பு ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த மூலிகைக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

அப்போ கீரையும் வேண்டாமா என்றால், தாராளமாகச் சாப்பிடலாம். உழவர் சந்தையில் வல்லாரை ஒரு கட்டு வாங்கி, வரமிளகாய், உளுத்தம்பருப்பு, புளி, தேங்காயோடு வதக்கி அரைத்து வாரத்தில் ஒரு நாள் துவையலாக வையுங்கள். வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டும் எலிகளிடம் செய்த சோதனைகளில் வலிப்பைத் தணித்திருக்கின்றன. மனிதர்களிடம் அது நிரூபணமாகவில்லை, அதனால் துவையலைத் துவையலாகவே வைத்துக்கொள்வோம். அதையே தினமும் கேப்ஸ்யூலாகவும் சாறாகவும் கொடுப்பது வேறு விஷயம். வல்லாரை மாத்திரையால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு, வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கல்லீரலில் ஏற்கெனவே ஒரு கண் வைக்க வேண்டியிருக்கிறது.

மருந்தோடு மோதுகிற மூலிகைதான் பெரிய தொல்லை. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின், ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். ரசத்துக்குத் தட்டிப்போடும் மிளகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தினமும் ஸ்பூன் கணக்கில் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணம் கொடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, எந்நேரமும் தூக்கம் எல்லாம் அளவு ஏறியதற்கு அறிகுறி. ஞாபக சக்திக்கு என்று கொடுக்கும் சங்கபுஷ்பி இதற்கு நேர் எதிர்: ஃபெனிட்டாயின் அளவைக் குறைத்துவிடும் என்று 1992லேயே ஆய்வு வந்துவிட்டது. மாத்திரை விடாமல் சாப்பிட்டும் வலிப்பு ஏன் திரும்பி வருகிறது என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

வசம்பு நம் வீடுகளில் பிள்ளை மருந்துதான், இருந்தாலும் அதிலுள்ள பீட்டா அசரோன் விலங்குகளுக்குப் புற்றுநோய்க் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்கா 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. தினசரி மருந்தாக வேண்டாம்.

அப்புறம் ஊட்டி போய்வந்தவர்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிற நீலகிரி தைலம். சளிக்கு வேது பிடிக்க நாலு சொட்டு விடுகிறோமே, அந்த யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. முன்பு வலிப்பே வராதவருக்குக்கூட வந்திருப்பதைப் பெங்களூரு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இவை சேர்ந்த பாம், உருண்டை எல்லாவற்றையும் அந்த ஆள் பக்கமே கொண்டுபோகாதீர்கள், குழந்தைகள் கையில் கற்பூரம் சிக்கவே கூடாது. சளிக்கு வெறும் ஆவியே போதும்.

பேர் எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள். சுத்த மூலிகை என்று விற்ற மாத்திரையில் பினோபார்பிட்டோன் என்ற இங்கிலீஷ் வலிப்பு மருந்து கலந்திருந்தது இந்தியாவிலேயே பிடிபட்டிருக்கிறது. அது தீர்ந்ததும் வலிப்பு ஏன் பலமாக வந்தது என்று அப்போதுதான் புரியும். சரியாகச் சுத்தி செய்யாத பற்பம், செந்தூரத்தில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம், ஈயமே வலிப்பைக் கொண்டுவரும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சூடான தண்ணீரைச் சொம்பு சொம்பாக மோந்து தலையில் ஊற்றும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வரும், தென்னிந்தியாவில் இது நன்றாகத் தெரிந்த வகை. அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்து, உடம்புக்கு மட்டும் ஊற்றி, தலையைத் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். கிணற்றிலோ வாய்க்காலிலோ தனியாக இறங்க விடவே கூடாது. பனியன் கம்பெனி நைட் ஷிப்ட்டும், நோம்பிக்கு விடிய விடியக் கண் விழிப்பதும் வெறும் வயிற்றில் விரதமும் ஆகாது. இந்த வியாதியில் தூக்கம்தான் பாதி மருந்து.

வலிப்பு வந்துவிட்டால் இரும்புச் சாவியைத் தேடி ஓடாமல் மணியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும், சாவி கொடுத்தவருக்குப் பேர் கிடைப்பது அதனால்தான். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, சட்டைப் பித்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் ஸ்பூனோ விரலோ வேண்டாம், மூக்கில் சாறு பிழியாதீர்கள், நினைவு தெளியும்வரை தண்ணீரும் கிடையாது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ உடனே 108.

சித்த மருத்துவம் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே பட்டம் பெற்றவரைப் பாருங்கள். நரம்பு டாக்டர் சீட்டை அவரிடமும், அவர் தருவதை நரம்பு டாக்டரிடமும் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.