பிரெஞ்சு ஒயின் லேபிளில் நாம் சறுக்கும் இடங்கள்

பிரெஞ்சு ஒயின் லேபிளில் மூன்று வகைத் தகவல்கள் இருக்கலாம்: திராட்சை எந்த மண்ணில் விளைந்தது, அந்த மண் யாருடையது, அதில் எப்படிப் பயிர் செய்தார்கள். முதலாவதைச் சொல்வது அப்பெல்லாசியோன், அதாவது எல்லையும் விதியும் வகுத்து அரசு காக்கும் ஊர்ப்பெயர்; சுருக்கமாக ஏ.ஓ.சி. இரண்டாவதை மோனோபோல் என்ற குறிப்பு சொல்லும். மூன்றாவதற்கு ஆர்கானிக், பயோடைனமிக் முத்திரைகள். உள்ளே இருப்பது நன்றாக இருக்குமா என்பதை இவை மூன்றுமே சொல்வதில்லை. ஆனால் அதுவும் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில்தான் பலரும் காசை எடுத்து நீட்டுகிறார்கள். தவறுகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏ.ஓ.சி. என்றால் உயர்தரம் என்று நினைப்பது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்துப் போட்டது. ஒயின் கிடைக்காத காலத்தில் போலி ஒயின் பெருகியது. எங்கிருந்தோ வந்த சரக்கெல்லாம் பெரிய ஊர்களின் பெயரில் விற்றது. இதில் நொந்துபோனவர்களில் தெற்கு பிரான்சின் ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற ஊரின் விவசாயிகளும் உண்டு. சட்டம் படித்த பரோன் ல ருவா தலைமையில் 1923-ல் அவர்கள் தங்களுக்குள் விதிகளை வகுத்துக்கொண்டார்கள். எல்லை இதுவரை, இன்ன திராட்சை வகைகள்தான், ஆல்கஹால் இதற்குக் குறையக் கூடாது என்று. 1935-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது, 1936-ல் முதல் ஏ.ஓ.சி.கள் அறிவிக்கப்பட்டன. இன்று லேபிளில் ஏ.ஓ.பி. என்று ஐரோப்பிய எழுத்துகளைப் பார்த்தாலும் பொருள் ஒன்றுதான்.

ஆக, இது பெயரைத் திருடவிடாமல் காக்க வந்த ஏற்பாடு. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடும் இதே குடும்பம்தான். பழனியின் பெயரை யார் போட்டுக்கொள்ளலாம் என்பதை அது காக்கும். இந்த டப்பா போன மாத டப்பாவைவிட ருசியா என்று சொல்வது அதன் வேலை இல்லை. ஏ.ஓ.சி.யில் சுவைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. ஆனால் அது வெளிப்படையான குறைகளைப் பிடிப்பதற்குத்தான். சுமாரான ஒயின் தாராளமாகத் தேறிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு: ஏ.ஓ.சி. இல்லை என்பதால் ஒதுக்கிவிடுவது. புரோவான்ஸில் லே போ ஊருக்குப் பக்கத்தில் த்ரெவலோன் என்றொரு பண்ணை இருக்கிறது. அவர்களுடைய சிவப்பு ஒயினில் ஏறக்குறைய சரிபாதி கபெர்னே சோவின்யோன் என்ற திராட்சை, மீதி சிரா என்ற வகை. தொண்ணூறுகளில் அந்தப் பகுதியின் விதி கபெர்னேவுக்கு 20 சதவீத உச்சவரம்பு வைத்தது. பண்ணைக்காரர் கலவையை மாற்ற மறுத்தார். விளைவு, ஏ.ஓ.சி. போய், ஒரு படி கீழே உள்ள வட்டார ஒயின் என்ற வகையில் விற்க வேண்டியதாயிற்று. இன்றுவரை அப்படித்தான் விற்கிறார்கள். புரோவான்ஸின் மிக உயர்ந்த சிவப்பு ஒயின்களில் அது ஒன்று என்பதில் ஒயின் தெரிந்தவர்களுக்கு ஐயமில்லை, விலையும் அதையே சொல்லும்.

ஊரைத் தோட்டம் என்று எண்ணி ஏமாறுவது

கிழக்கு பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். 1847-ல் ஜெவ்ரே என்ற ஊர், தன் எல்லைக்குள் இருந்த புகழ்பெற்ற ஷாம்பெர்தான் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஆனது. அரச ஆணையோடு நடந்த காரியம். அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்களும் கிளம்பின. வோன், வோன்-ரொமானே ஆனது. புலிஞி, ஷசாஞ் இரண்டு ஊர்களும் நடுவே கிடக்கும் மோன்ராஷே தோட்டத்தின் பெயரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டன. விளம்பரம் என்ற கலை அப்போதே முற்றித்தான் இருந்திருக்கிறது.

லேபிளில் வெறும் ஷாம்பெர்தான் என்று இருந்தால் அது சுமார் 13 ஹெக்டேர் பரப்புள்ள கிரான் க்ரூ தோட்டம், அதாவது அங்கே உச்சப் பட்டம் பெற்ற நிலம். ஜெவ்ரே-ஷாம்பெர்தான் என்று மட்டும் இருந்தால், அந்த ஊரைச் சுற்றிய நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் எங்கு வேண்டுமானாலும் விளைந்திருக்கலாம். அப்படியானால் இரட்டைப் பெயர் எல்லாமே ஊர்தானா? அதுவும் இல்லை. ஷார்ம்-ஷாம்பெர்தான், மாஸி-ஷாம்பெர்தான் போன்றவை தனித்தனி கிரான் க்ரூ தோட்டங்கள். பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் கிரான் க்ரூ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த கிரான் க்ரூ என்ற சொல்லையும் ஊருக்கு ஊர் மாற்றிப் படிக்க வேண்டும். பர்கண்டியில் அது நிலத்துக்குக் கொடுத்த பட்டம். ஷாம்பெயினில் 17 கிராமங்களுக்கு முழுசாக உண்டு. போர்டோ பகுதியின் சேன்-தெமிலியோனிலோ, சேன்-தெமிலியோன் கிரான் க்ரூ என்பது தனி அப்பெல்லாசியோன், அவ்வளவுதான். ஏராளமான சாதாரணப் பண்ணைகள் அதைப் போட்டுக்கொள்கின்றன. தரவரிசையில் இடம்பெற்றவற்றைக் குறிக்க கிளாஸே என்ற இன்னொரு சொல் சேர்ந்து வர வேண்டும். அந்தத் தரவரிசையையும் முழுசாக நம்ப முடியாதபடி, உச்சியில் இருந்த ஷெவால் பிளான், ஒசோன் இரண்டும் 2021-ல் தாங்களாகவே விலகிக்கொண்டன.

ஒரே தோட்டம், ஒரே ஒயின் என்று நம்புவது

க்ளோ து வூஜோ என்ற கிரான் க்ரூ, சிஸ்டர்சியத் துறவிகள் மதில் எழுப்பி வளைத்த சுமார் 50 ஹெக்டேர் நிலம். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்துகள் பறிமுதலாகி விற்கப்பட்டன. பிறகு நெப்போலியன் காலத்துச் சட்டம் பிள்ளைகளுக்குள் சமபங்கு என்றது. காலப்போக்கில் துண்டாக விற்றதிலும் பாகம் பிரித்ததிலும் இன்று அந்த ஒரே மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம். மேட்டுப் பக்கம், பழைய மாளிகையை ஒட்டிய நிலத்தில் தண்ணீர் நன்றாக வடியும். நெடுஞ்சாலையைத் தொடும் கீழ்ப் பக்கம் களிமண், மழைக்காலத்தில் ஈரம் தங்கும். இரண்டிலும் விளைவதற்கு லேபிளில் ஒரே பெயர், ஒரே பட்டம். ஆகவே பர்கண்டியில் தோட்டத்தின் பெயரைப் படித்த கையோடு, செய்தவர் பெயரையும் படிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வூஜோ வாங்கினேன் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இந்தக் குழப்பம் பிடிக்காமல்தான் பலர் மோனோபோல் பக்கம் சாய்கிறார்கள். தோட்டம் முழுவதும் ஒரே உரிமையாளரிடம் இருந்தால் அது மோனோபோல். ரொமானே-கோந்தி (1.81 ஹெக்டேர்), அதே ஊரின் லா தாஷ் (சுமார் 6 ஹெக்டேர்), ரொமானே-கோந்திக்கு மேலே ஒரு ஹெக்டேர்கூட இல்லாத லா ரொமானே, மோரே-சேன்-தெனி ஊரின் க்ளோ து தார் எல்லாம் அந்த வகை. க்ளோ து தார் தோட்டத்தை 1141-ல் கன்னியர் மடம் ஒன்று வாங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை உரிமையாளர்கள் நான்கே பேர். கடைசியாக 2017-ல் கோடீசுவரர் பிரான்சுவா பினோவின் நிறுவனம் வாங்கியது.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு மோனோபோல் என்றாலே உச்சம் என்று முடிவு கட்டுவதுதான் அடுத்த சறுக்கல். அது பட்டா யார் பெயரில் என்று சொல்லும் சொல், தரம் பற்றிய சொல் அல்ல. சாதாரண ஊர்த் தரத்து நிலத்திலும் மோனோபோல் எத்தனையோ உண்டு. விற்பவர்கள் அதைத் தடித்த எழுத்தில் போடுவதற்குக் காரணம் தனித்தன்மை என்ற வாசனை. கொஞ்சம் சிரிப்பூட்டும் எடுத்துக்காட்டு க்ளோ தே லாம்ப்ரே. எட்டே முக்கால் ஹெக்டேர் சொச்சம் உள்ள அந்தத் தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே ஒரே பண்ணையிடம் (2014 முதல் எல்.வி.எம்.எச். என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்திடம்) இருக்கிறது. ஆனால் ஒரு மூலையில் பொடித்துண்டு நிலம் இன்னொரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்தத் துண்டு இருக்கும்வரை அது மோனோபோல் ஆகாது. அதனால் ஒயினில் ஏதாவது குறைகிறதா என்றால், இல்லை.

உரிமையாளர் ஒருவர் என்பதால் கையும் ஒன்றே என்றும் நினைக்க வேண்டாம். நுய்-சேன்-ஜோர்ஜ் அப்பெல்லாசியோனில் க்ளோ து லா மரேஷால் என்ற மோனோபோல் முன்யே குடும்பத்துக்குச் சொந்தம். 1950 முதல் 2003 வரை அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தது ஃபெவ்லே என்ற வேறொரு நிறுவனம். 2004 அறுவடை முதல் முன்யே குடும்பமே செய்கிறது. அதே நிலம், அதே பட்டா, ஆனால் முந்தையது இறுக்கம், பிந்தையது மென்மை. பழைய ஆண்டுகளை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றாகும்.

போர்டோவில் இந்தப் பேச்சே எழாது. அங்கே ஒரு ஷாத்தோ, அதாவது ஒயின் பண்ணை, ஒரு உரிமையாளரிடம் இருப்பதுதான் வழக்கம். 1855-ல் அங்கே வகுத்த தரவரிசை நிலத்துக்குக் கொடுத்ததல்ல, பண்ணையின் பெயருக்குக் கொடுத்தது. பட்டம் பெற்ற பண்ணை, அதே அப்பெல்லாசியோனுக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தால் அந்த நிலமும் பட்டத்தின் கீழ் வந்துவிடும். பர்கண்டிக்காரரிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்.

பயோடைனமிக் என்றால் மருந்தே இல்லை என்று எண்ணுவது

1924 ஜூனில், இன்று போலந்தில் இருக்கும் கோபெர்விட்ஸ் என்ற இடத்தில் ருடோல்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி விவசாயிகளுக்கு ஆற்றிய எட்டு உரைகளிலிருந்து வந்த முறை இது. ஸ்டைனர் மதுவை ஆதரித்தவர் அல்ல என்பது ஒயின் உலகம் அதிகம் பேசாத விஷயம். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர் காலத்தில் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுப்பார்கள். உள்ளே இருந்தது கரிய, நாற்றமில்லாத மட்காக மாறியிருக்கும். ஒரு ஹெக்டேருக்கு 100 கிராம் அளவில் எடுத்து வெதுவெதுப்பான நீரில் போட்டு, ஒரு பக்கமாகச் சுழற்றிச் சுழி உண்டாக்கி, பிறகு எதிர்ப்பக்கம் சுழற்றி, ஒரு மணி நேரம் கலக்கி மண்ணில் தெளிக்க வேண்டும். இலைகளுக்குக் குவார்ட்ஸ் தூள் கரைசல். ஹெக்டேருக்குச் சில கிராம்தான். நாள் பார்ப்பதும் உண்டு: வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று சந்திரனை வைத்துக் கணிப்பார்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது.

கொம்பு உரத்தால் மட்டுமே வந்த பலன் இது என்று பிரித்துக் காட்டும் வலுவான ஆய்வுச் சான்று இல்லை. ஆனால் இந்த முறைக்குப் போகிறவர்கள் களைக்கொல்லியை விடுகிறார்கள், உழுகிறார்கள், ஒவ்வொரு கொடியையும் அடிக்கடி போய்ப் பார்க்கிறார்கள். என் கணக்கில் பலனின் பெரும்பங்கு அந்த நடமாட்டத்தில் இருக்கிறது. பர்கண்டியில் டொமேன் லெருவா என்ற பண்ணை 1988-ல் தொடங்கியபோதே இந்த வழியில் இறங்கியது. லெஃப்லேவ் 1997-லும், ரொமானே-கோந்தி பண்ணை 2007-லும் முழுசாக இதற்கு மாறின. பிந்தைய இரண்டும் அதற்கு முன்பும் நல்ல ஒயின் செய்தவைதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருந்தில்லை என்ற நம்பிக்கைக்கு வருவோம். கொடிகளுக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் செம்பு தெளிப்பார்கள். பயோடைனமிக் தோட்டத்திலும் அதேதான். நம்மூர்த் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும், 1880-களில் அந்தப் போர்டோவிலிருந்தே வந்தது. செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. டெமெட்டர் போன்ற பயோடைனமிக் முத்திரைகளின் வரம்பு இதைவிடக் கடுமை.

கடுமை எவ்வளவு என்பதற்கு போர்டோவின் போயாக் பகுதியில் உள்ள ஷாத்தோ போன்தே-கானே சாட்சி. 2007-ல் நோய் பரவியபோது உரிமையாளர் பயந்துபோய் ரசாயன மருந்து அடித்தார். சான்றிதழ் பெறும் பயணத்தை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. 2010-ல்தான் சான்று கிடைத்தது. 2018-ல் நோய் அதைவிட மோசமாக வந்தது. இந்த முறை அவர்கள் வளையவில்லை. விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போனது. பணம் உள்ள பண்ணை, தாங்கியது. சிறிய விவசாயி ஒருவர் அந்த ஆண்டில் முத்திரையை விட்டுக் கொடுத்திருந்தால் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நான் தயாரில்லை.

ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட் விஷயத்திலும் இதே குழப்பம். இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, ஆர்கானிக்கில் 100 வரை அனுமதி. பயோடைனமிக்கில் இன்னும் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. சல்பைட் சேர்க்காத ஒயின்தான் வேண்டும் என்றால் தேட வேண்டியது நேச்சுரல் ஒயின் என்ற வேறு வகையில், அதிலும் எல்லாமே அப்படி இல்லை. அப்புறம், முத்திரை இல்லாததால் பயோடைனமிக் இல்லை என்றும் சொல்ல முடியாது. செய்துகொண்டே லேபிளில் போடாதவர்கள் பலர்.

கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுப்பது

லுவார் பகுதியின் சவென்யேரில் கூலே து செரான் என்ற ஏழு ஹெக்டேர் தோட்டம். 1130-ல் சிஸ்டர்சியத் துறவிகள் நட்டது. தனக்கென ஒரு அப்பெல்லாசியோன், ஒரே உரிமையாளர், 1984 முதல் முழு பயோடைனமிக். வங்கி வேலையை விட்டு ஊர் திரும்பிய நிகோலா ஜோலி இதை உலகம் அறியச் செய்தார். மூன்று தகுதிகளும் ஒரே புட்டியில் இருந்தும், ஆண்டுக்கு ஆண்டு இந்த ஒயின் மாறும் அளவுக்கு வேறு எதுவும் மாறாது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நிறம் ஆழ்ந்த பொன்னாக இருக்கும், திறந்ததும் ஆப்பிள் வெட்டி வைத்துக் கறுத்த வாசனை வரும். பாதிப் பேர் இங்கேயே கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஜோலி குடும்பம் சொல்வது, முந்தைய நாளே திறந்து வேறு பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள் என்பது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு குடித்தால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும்; 14 டிகிரி அளவில் வைத்து, மறுநாள் இன்னொரு வாய் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.